சொன்னதைத் திரும்பப் பெற்றவர்

பேராசிரியர் பிலோமினா மறைந்த செய்தியைச் சரோஜாதான் எனக்குச் சொன்னார். தம்போய் பாசார் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவர் பெயரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"மாலா, டாக்டர் போயிட்டாங்க. இப்பதான். நான் பக்கத்துலதான் இருந்தேன். கஷ்டப்படல."

கீரைக்காரப் பெண்மணி பையை நீட்டியபடி காத்திருந்தார். வாங்கிக்கொண்டு காருக்குப் போனேன்.

பிலோவும் நானும் ஒரே பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில், அடுத்தடுத்த அறைகளில் பணியாற்றியவர்கள். ஒரே தாமான் குடியிருப்பில் வசித்ததால் பல ஆண்டுகள் ஒரே காரில் வேலைக்குப் போனோம். சரோஜா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் அல்லர். தம்போயில் உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை நடத்தும் குணசேகரனின் மனைவி. ஒரு காலத்தில் பிலோவின் முகத்தைப் பார்க்கவே விரும்பாதவர். அவர் எப்படி பிலோவின் கடைசி நேரத்தில் கட்டிலருகே இருந்தார் என்பதை, பிலோவிடம் படித்த உங்களில் பலர் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதனால் முழுவதையும் எழுதிவைக்க நினைக்கிறேன்.

ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் பிலோ. அப்பா ஆலையில் வேலை செய்தார், அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். ஒருமுறை தமிழ் நாளிதழ் ஒன்றின் நிருபர் பேட்டி எடுக்க வந்தார். சிறுவயதில் தோட்டத்து ஆற்றில் ஆலைக் கழிவு கலந்ததைப் பார்த்த வேதனைதானே உங்களைச் சுற்றுச்சூழல் ஆய்வுக்கு இழுத்தது என்று கேட்டார். பதிலும் கேள்விக்குள்ளேயே இருந்தது, தலையாட்டினால் போதும்.

"இல்லைங்க. எனக்கு ஃபிசிக்ஸ் வரல. கெமிஸ்ட்ரிதான் மிச்சம் இருந்துச்சு," என்றார் பிலோ.

நிருபர் அதை எழுதிக்கொள்ளவில்லை. வீடு திரும்பும்போது காரில், "அவரு சொன்னதுக்கே ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல? அழகா இருந்திருக்கும்," என்றேன்.

"அழகாத்தான் இருக்கும். ஆனா அப்படி நடக்கலையே லா," என்றார்.

வகுப்பிலும் இப்படித்தான். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆற்று நீரில் அமோனியா அளவைப் பார்த்துவிட்டு, தான் எதிர்பார்த்த எண் வரவில்லை என்று கண் கலங்கி நின்றாள். பிலோ மறுபடியும் செய்யச் சொன்னார். அதே எண் வந்தது. மூன்றாம் முறையும் அதே எண். "நீ நினைச்சது வரலன்னு தண்ணிகிட்ட கோவிச்சுக்காதம்மா. அது உன்கிட்ட வாக்குக் கொடுக்கல," என்று சொல்லிவிட்டு, கிடைத்த எண்ணையே எழுதச் சொன்னார். குடுவைகளை மாணவர்களே கழுவ வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். "சுத்தமா இருக்குன்னு நீ சொல்லாத. குடுவை சொல்லட்டும்" என்பது அவரிடம் படித்த எல்லாரும் கேட்டு அலுத்த வாக்கியம்.

குறை இல்லாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. பிலோவுக்கு அவசரம் அதிகம். யாராவது வந்து உதவி கேட்டால், அன்றைக்கே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடிப்பார். அந்த அவசரம்தான் ஒருமுறை ஒரு குடும்பத்தையே உலுக்கிவிட்டது.

எங்கள் தாமானுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. வீட்டுச் சாக்கடைகளான லோங்காங்குகளின் கழிவுநீர் அதில்தான் போய் விழும். மறு கரையில் வரிசையாகப் பட்டறைகள். மழையில்லாத ஒரு மாதத்தில் அந்த ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. நாற்றம் தாங்காமல் குடியிருப்பாளர்கள் பிலோவிடம் வந்தார்கள். "டாக்டர், நீங்கதான் பார்த்துச் சொல்லணும்," என்றார்கள். வார இறுதியில் கூட்டம் என்றும் அவர்களே அறிவித்துவிட்டார்கள்.

வேதியியல் படிக்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீர் எடுக்கப் போகும்போது, தூய நீர் நிரப்பிய ஒரு புட்டியையும் கூடவே கொண்டுபோவது எங்கள் வழக்கம். வெற்றுப் புட்டி என்போம். ஓடை நீருக்குச் செய்யும் அத்தனையும் அதற்கும் செய்வோம். அதே அமிலத்தைச் சேர்ப்போம், அதே கருவியில் வைப்போம். அதில் ஏதாவது தென்பட்டால், அது ஓடையிலிருந்து வந்ததல்ல, நம் கையிலிருந்து வந்தது என்று பொருள். முதல் நாள் ஓடையின் மேற்பகுதியில் நீர் எடுத்தபோது பிலோ வெற்றுப் புட்டியைக் கொண்டுபோனார். மறுநாள் பட்டறைகளின் அருகே எடுத்தபோது, கூட்டத்துக்கு நேரமாகிறது என்று விட்டுவிட்டார்.

முடிவு வந்தது. முலாம் பூசப் பயன்படும் நிக்கல் மேற்பகுதியில் மிகக் குறைவு. பட்டறைகளின் அருகே மிக அதிகம். பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபத்தில் கூடிய மக்கள் முன்னால் பிலோ வரைபடத்தை விரித்து, அதிகமாக இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அங்க குணா ஒர்க்‌ஷாப்தானே இருக்கு?" என்றது ஒரு குரல்.

பிலோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் நாளிதழில் குணசேகரனின் பட்டறைப் பெயர்ப்பலகை படத்தோடு வந்துவிட்டது.

குணசேகரன் லாயாங் லாயாங் பக்கத்தவர். சிங்கப்பூரில் ஒரு முலாம் தொழிற்சாலையில், விடியுமுன் எல்லைப் பாலத்தைக் கடந்து போய்ப் பல ஆண்டுகள் வேலை பார்த்து, தொழில் கற்று, சொந்தமாகப் பட்டறை போட்டவர். செய்தி வந்ததும் சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வேலையாட்களை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, பிலோ என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"மாலா, நான் தப்புப் பண்ணிட்டேன்."

வேறொரு ஆய்வில், ஒரு மாணவரின் வெற்றுப் புட்டியில் நிக்கல் வந்திருக்கிறது. எங்கிருந்து என்று தேடிக்கொண்டு போனதில், ஓர் அமிலப் புட்டியில் வந்து நின்றிருக்கிறது. நிக்கல் சோதனை ஒன்றில் மிஞ்சிய அமிலத்தை யாரோ திரும்பவும் அதிலேயே ஊற்றியிருந்தார்கள். முதல் நாள் சேர்த்தது வேறு புட்டியின் அமிலம்; பட்டறைகளின் அருகே எடுத்த நீரில் பிலோ சேர்த்தது அந்தப் புட்டியின் அமிலத்தைத்தான். பிலோ உடனே ஓடைக்குப் போய், புது அமிலத்தோடும் வெற்றுப் புட்டியோடும் மறுபடி நீர் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். பட்டறை அருகே இருந்த நிக்கலும் மேற்பகுதியில் இருந்த நிக்கலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

துறைத் தலைவரிடம் போனோம். அவர் கெட்டவர் அல்லர். துறையின் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டார். அறிக்கையின் கடைசியில் ஒரு திருத்தக் குறிப்பு சேர்த்தால் போதும் என்றார்.

"பேப்பர்ல வந்த பேருக்கு, அறிக்கையோட கடைசிப் பக்கத்துல திருத்தமா? அவரு அதை எங்க போய்ப் படிப்பாரு?" என்று வெளியே வந்ததும் பிலோ என்னிடம் கேட்டார்.

அமிலத்தைத் திருப்பி ஊற்றியது யார் என்று தலைவர் கேட்டதற்கு, "புட்டியைச் சோதிக்காம எடுத்தது நான். வெற்றுப் புட்டியைக் கொண்டுபோகாதது நான்," என்று மட்டும் பதில் சொன்னார். அமிலத்தை ஊற்றியவரின் பெயரைக் கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறைக்குப் போகும் அன்று என்னையும் கூப்பிட்டார். "நீ பேச வேணாம். வண்டி மட்டும் ஓட்டு. இன்னைக்கு நான் ஓட்டினா சரிவராது," என்றார்.

பட்டறையில் தொட்டிகள் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடந்தன. குணசேகரன் ஒரு கம்பித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையருகே சரோஜா. பிலோ நின்றபடியே சொன்னார்:

"நான் பிலோமினா. உங்க பட்டறையாலதான் மீன் செத்துச்சுன்னு ஊரே நினைக்குது. அதுக்குக் காரணம் நான். என் கணக்கு தப்பு. தப்பு என் லேப்ல நடந்துச்சு, உங்க இடத்துல இல்ல."

குணசேகரன் நிமிரவில்லை. "நீங்க என் பேரைச் சொல்லலைன்னுல்ல பேப்பர்காரன் சொன்னான்?"

"பேரைச் சொல்லல. விரலை நீட்டினேன். ரெண்டும் ஒண்ணுதான்."

சரோஜா எழுந்துவிட்டார். "என் பிள்ளைங்கள ஸ்கூல்ல வெசக்காரன் பிள்ளைங்கன்னு கூப்பிடுறாங்க. இப்ப வந்து தப்புன்னு சொல்றீங்க. போங்க. மொதல்ல வெளிய போங்க."

பிலோ திரும்பினார். வாசலுக்கு வந்தபோது குணசேகரனின் குரல் கேட்டது. "என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமை சொல்றேன். ஹால் எடுத்துட்டேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

காரில் ஏறியபின் பிலோ அழுதார். "அந்தம்மா இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்," என்றார். வண்டியை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே பாலாய் ராயா, அதே வரைபடம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மக்களுக்குக் கோபம் வந்தது. ஒருவர் எழுந்து, "உங்களை யாராச்சும் மெரட்டினாங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"யாரும் மெரட்டல. நான் வேலையை ஒழுங்காச் செய்யல."

"அப்ப மீன் செத்தது பொய்யா?"

"மீன் செத்தது உண்மை. ஏன் செத்துச்சுன்னு நான் காட்டினது தப்பு."

கூட்டம் முடியும்முன்பே பலர் எழுந்து போனார்கள். குணசேகரன் பின்கதவருகே நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, எங்களிடம் பேசாமல் புறப்பட்டார். நாளிதழில் திருத்தம் உள்பக்கத்தில் சிறு கட்டமாக வந்தது. பிலோ அதோடு விடவில்லை. குணசேகரனின் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் சிங்கப்பூருக்கே போய்ச் சந்தித்து, தவறு தம்முடையது என்று சொன்னார். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவேயில்லை.

அந்த ஆண்டு பிலோவுக்குக் கிடைக்கவேண்டிய பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு கிடைத்தது, அவருக்குப் பின் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கிடைத்தபின்.

மீன் ஏன் செத்தது என்ற கேள்வி அப்படியே இருந்தது. பிலோ அதை விடவில்லை. ஓடையில் விழும் ஒவ்வொரு லோங்காங்கிலும் நீர் எடுக்க வேண்டியிருந்தது. பட்டறைக்காரர்கள் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். இந்த அம்மாவை உள்ளே விட்டால் நாளைக்கு நம் பெயர்ப்பலகையும் பேப்பரில் வரும் என்ற பயம். திறந்துவிட்டவர் குணசேகரன் ஒருவர்தான். ஆனால் உள்ளே விடும்முன் கையை நீட்டி மறித்தார்.

"அந்த வெத்துப் புட்டி எங்க? மொதல்ல அதைக் காட்டுங்க."

பிலோ காட்டினார். அதன்பிறகுதான் வழிவிட்டார். இவர் திறந்துவிட்டதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

அந்தச் சோதனையில், குணசேகரனின் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு சிறு கசிவு இருப்பது தெரியவந்தது. மீனைக் கொல்லும் அளவு அல்ல, ஆனாலும் இருக்கக்கூடாதது. பிலோ மறுபடியும் அந்தப் பட்டறைக்குப் போனார். மறுபடியும் நான்தான் ஓட்டினேன்.

"அண்ணே, போன தடவை இல்லாததைச் சொன்னேன். இப்ப இருக்கிறதைச் சொல்ல வந்திருக்கேன். உங்க தொட்டி கசியுது."

நான் பார்த்த நாள் முதலாக அன்றைக்குத்தான் குணசேகரன் சிரித்தார். "டாக்டர், நீங்க என்னை விடவே மாட்டீங்களா?" என்றார். அந்த வாரமே தொட்டியைச் சரிசெய்துவிட்டார்.

மீனைக் கொன்றது வேறு. எங்கள் தாமானின் கழிவுநீர்த் தொட்டி பழுதாகிப் பல காலமாக ஓடையில் வழிந்துகொண்டிருந்தது. மழையில்லாத மாதத்தில் ஓடை வற்ற, அழுக்கு மிஞ்ச, நீரில் மீன்களுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாமல் போயிருக்கிறது. சில மாதங்கள் நாள் தவறாமல் அளந்து பார்த்தபிறகே பிலோ மூன்றாம் முறையாக அந்த மண்டபத்தில் நின்றார். "நம்ம வீட்டுத் தண்ணிதான்," என்றார். யாரும் கைதட்டவில்லை. ஆனால் இந்த முறை யாரும் எழுந்து போகவும் இல்லை. தொட்டியைப் பழுதுபார்க்க வைக்க நாங்கள் நிறைய அலைய வேண்டியிருந்தது. இப்போது ஓடையில் மீன் இருக்கிறது. தெளிந்த ஓடை என்று மட்டும் எழுதமாட்டேன், தெளிவில்லை.

அதற்குப் பிறகு பிலோ தம் முதலாம் ஆண்டு ஆய்வுக்கூட வகுப்பை ஒவ்வொரு முறையும் இந்தக் கதையோடுதான் தொடங்கினார். "ஒரு புட்டியைக் கொண்டுபோக மறந்து, ஒருத்தரோட பிழைப்பைக் கெடுத்தேன்," என்று ஆரம்பிப்பார். ஒரு வருஷம் குணசேகரனையே வகுப்புக்கு அழைத்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, கரும்பலகை அருகே நின்று, மாணவர்களுக்கு மலாயில் கொஞ்சம் பேசினார். கடைசியில் ஒருவன் கையை உயர்த்தி, டாக்டரை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டான்.

குணசேகரன் யோசித்தார். இல்லை, என்றார் மலாயில். பிறகு பிலோவைப் பார்த்துத் தமிழில், "பொய் சொல்லக்கூடாதுல்ல டாக்டர், அதான்," என்றார். "ஆனா நீங்க எப்ப வந்தாலும் என் கதவு திறந்துதான் இருக்கும்."

பிலோ தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் பிலோவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர், தனியாகத்தான் இருந்தார். என்னிடம் சொன்னபோதும் சுற்றிவளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். சிகிச்சை தொடங்கிய வாரம் அவரைப் பார்க்கப் போனேன். சமையலறையில் சரோஜா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அதிர்ந்துபோனேன். யாரும் அவரை அழைக்கவில்லை. கணவர் சொல்லி வரவில்லை, தாமாகவே வந்திருந்தார். அன்றுமுதல் கடைசிவரை வந்துகொண்டேயிருந்தார்.

ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டும்போது, ஏன் வருகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"கோவம் இருந்துச்சு மாலா. ரொம்ப வருஷம் இருந்துச்சு," என்றார் சரோஜா. "எங்களைப் பத்திப் பேசினவங்க எத்தனையோ பேரு. பேப்பர்காரன், தாமான்காரங்க, ஸ்கூல்ல டீச்சருங்க. ஒருத்தர் திரும்பி வந்து எங்க மூஞ்சியப் பார்க்கல. நாங்க கோவப்படுறதுக்குக்கூட இவங்க ஒருத்தங்கதான் நேர்ல வந்தாங்க."

அடக்கத்தன்று தேவாலயம் நிறைந்திருந்தது. பல ஊர்களிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள்; சிலர் இப்போது பேராசிரியர்கள். குணசேகரன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அறியாமல், முன்னால் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். கல்லறையில் எல்லாரும் போனபின் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்.

பிலோவின் ஆய்வுகளைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள், எழுதட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். 'தெரியல.' பெரிய கூட்டத்தில், அமைச்சர் முன்னால், மாணவர் முன்னால், எங்கேயானாலும் கூச்சமில்லாமல் அதைச் சொல்வார். சொல்லிவிட்டு, "தெரிஞ்சதும் வந்து சொல்றேன்," என்பார். சொன்னபடி வருவார். நான் அப்படிப்பட்டவள் இல்லை. கேள்வி கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லியே பழகியவள்.

சென்ற வாரம் லாயாங் லாயாங்கில் ஒரு பள்ளியில் பெற்றோர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறதாம். கணவர் அதில் மீன் பிடித்து வருகிறாராம்.

"பிள்ளைங்களுக்குச் சமைச்சுக் குடுக்கலாமா டாக்டர்?"

ஒன்றும் ஆகாது, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"தெரியல," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கெமிஸ்ட்ரில பெரியவங்கன்னு சொன்னாங்களே."

"மீனைச் சோதிச்சாத்தான் தெரியும். அதுவரைக்கும் சமைக்காதீங்க. தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன். வீடு எங்க இருக்குன்னு காட்டுங்க."

காட்டினார். மாலையிலேயே போய் மீனும் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன், வெற்றுப் புட்டியோடு. அவை இப்போது என் பழைய துறையின் குளிர்ப்பெட்டியில் இருக்கின்றன. முடிவு வந்ததும் அந்த வீட்டுக்குப் போவேன். எண் எதுவாக இருந்தாலும் போவேன்.